மேன்ஷன் ஹவுஸ் 9000: பாலியல் துயரும் ஆயர்ப்பணியும்



திருச்சபையும் பாலியலும் என்று பேச்செடுத்தால், பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வேத வசனங்களை எடுத்துவைத்து எது பாவம், எது பாவமில்லை என்று வாதிடுகிறார்கள். அல்லது சபைகள் இழைத்த கொடுமைகளை அடுக்கிக் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்கள். இரண்டுக்கும் தேவை உண்டு. ஆனால் தன் உடலைப் பற்றிய அச்சத்தாலோ வெட்கத்தாலோ நொறுங்கி, நள்ளிரவில் யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் போதும் என்று தவிக்கிற ஒருவருக்கு இந்த இரண்டும் அந்த நேரத்தில் உதவுவதில்லை. அந்த ஒருவரை மனத்தில் வைத்தே தம் ஊழியத்தை அமைத்துக்கொண்ட ஓர் ஆங்கிலிக்கன் குருவானவரை இந்த உரை எடுத்துக்கொள்கிறது. அவர் பெயர் சாட் வாரா.

1911-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், குருவானவர் வீட்டில், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 1935-இல் லிங்கன் நகரத்தின் புனித ஜைல்ஸ் சபைக்கு உதவி குருவாக வந்தபோது அவருக்கு வயது 23. அங்கே அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை, 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு. அவளுக்கு மாதவிடாய் தொடங்கியிருந்தது. அது இன்னதென்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. கேட்க அவளுக்கும் துணிவில்லை. ஏதோ பால்வினை நோய் தொற்றிவிட்டது என்று நம்பி அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் தற்கொலை சட்டப்படி குற்றம். 1662-ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனை முறையைப் பயன்படுத்தலாகாது என்ற குறிப்பே இருந்தது. நடைமுறையில், மனநிலை பிறழ்ந்திருந்தது என்ற மரண விசாரணைத் தீர்ப்பைக் காட்டி அதைக் கடந்துவந்தார்கள். அந்தத் தடையை முறைப்படி நீக்கவேண்டும் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் பொது சினாடு முடிவெடுத்தது 2015-இல்தான். ஆக, அந்தச் சிறுமியின் குழிக்கு முன்னால் நின்ற இளங்குருவிடம் அவருடைய சபை கொடுத்தனுப்பியிருந்தது ஒரு தடைக்குறிப்பு மட்டுமே. வாரா அங்கே ஒரு முடிவுக்கு வந்தார்: இளையவர்களுக்கு உடலைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது தம் குருத்துவக் கடமையின் ஒரு பகுதி.

அறியாமை கொல்லும் என்பதை விளங்கிக்கொள்ளத் தமிழ் வாசகர்கள் லிங்கன் வரை போகவேண்டியதில்லை. பூப்பு நீராட்டு விழாவைப் பந்தல் போட்டு நடத்துகிற நம் வீடுகளில், அந்தப் பெண்ணுக்கு அவள் உடலில் நடப்பது என்ன என்ற விளக்கம் மட்டும் விடுபட்டுப்போவது உண்டு. இந்தக் குறையைப் போக்கத் திருச்சபை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதை உரையின் முடிவில் பார்க்கலாம்.

வாரா சபை இளைஞர் கூட்டங்களில் பாலியல் கல்வியைத் தொடங்கினார். திருமணத்துக்கு ஆயத்தமாகும் இணைகளிடம் படுக்கையறை பற்றியும் பேசினார். இருபதுகளில் இருந்த ஒரு குரு இப்படிப் பேசுவதை ஊர் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. அவர் விடவில்லை. பட்னி, பேரோ, பிளாக்பர்ன், லண்டனின் கிளாப்பம் என்று சபைகள் மாறினாலும் இந்தப் பேச்சு மாறவில்லை. குருவின் சம்பளம் குடும்பத்துக்குப் போதாததால், 1950-இல் தொடங்கிய ‘ஈகிள்’ என்ற சிறுவர் படக்கதை இதழுக்குக் கதைகள் எழுதிச் சம்பாதித்தார்.

1952-இல் ‘பிக்சர் போஸ்ட்’ வார இதழில் பாலியல் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. திருமணத்தில் நெருக்கம் இல்லாமை, இரகசியமாய்ச் சுமந்த ஆசைகள், கைப்பழக்கத்தால் நரகம் உறுதி என்ற பயம் என்று மனிதர்கள் யாரிடமும் சொல்லாதவற்றை முன்பின் அறியாத ஒரு குருவுக்கு எழுதியது அந்தக் காலம். வந்த கடிதங்களுள் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவை, எழுதியவர் சாவின் விளிம்பில் நிற்பதைக் காட்டின. லண்டன் பெருநகரில் நாளொன்றுக்கு மூவர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்ற செய்தியும் அவர் கண்ணில் பட்டிருந்தது. தீ விபத்துக்கும் திருட்டுக்கும் அழைக்க 999 என்ற எண் இருக்கிறதே, உயிரை விட நினைப்பவர் அழைக்க ஓர் எண் ஏன் இல்லை என்று அவர் கேட்டுக்கொண்டார்.

விடை 1953-இல் கிடைத்தது. லண்டன் மாநகரின் நிதிப் பகுதியில், மேயர் மாளிகையை ஒட்டி நிற்கிறது வால்புரூக் புனித ஸ்தேவான் ஆலயம். கிறிஸ்டோபர் ரென் கட்டிய 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். போரில் குண்டுபட்டுச் சேதமானது. சுற்றிலும் அலுவலகங்கள்; குடியிருப்போர் மிகச் சிலர். ஞாயிற்றுக்கிழமைச் சபை பெரிதாக இல்லாத ஆலயத்துக்குக் குரு தேவைப்பட்டபோது, அதன் புரவலர்களான குரோசர்ஸ் கம்பெனி என்னும் பழைய வணிகர் சங்கத்தாரிடம் வாரா தம் திட்டத்தைச் சொன்னார். அவர்கள் இசைந்தார்கள். அவசர எண்ணாக மேன்ஷன் ஹவுஸ் 9000 கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று எண்ணி, ஆலயத்தில் கிடந்த தொலைபேசியை எடுத்துத் தூசியைத் துடைத்துப் பார்த்தபோது அதன் எண்ணே அதுவாக இருந்தது என்று வாரா பின்னாளில் சொல்வதுண்டு. 1953 நவம்பர் 2-ஆம் நாள் முதல் அழைப்பு வந்தது.

அடுத்த சில வாரங்களில் நடந்ததுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி.

வாரா தம்மைத் தேர்ந்த ஆலோசகராகக் கருதியிருந்தார். அப்படிக் கருத அவருக்குக் காரணமும் இருந்தது. அழைத்தவர்கள் நேரில் வந்தார்கள், வரிசை நீண்டது. செய்தித்தாள்களில் படித்துவிட்டு உதவுகிறோம் என்று பொதுமக்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு உளவியல் தெரியாது, இறையியலும் தெரியாது. தேநீர் போட்டுக் கொடுங்கள், வந்தவர்கள் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள் என்று வாரா சொன்னார். சில வாரங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் பேசி முடித்த பலர், குருவைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் தெளிந்து எழுந்து போனார்கள். அவரைப் பார்க்க வந்தவர்களும் ஏற்கெனவே பாதிப் பாரம் இறக்கிவைத்தவர்களாக வந்தார்கள்.

பெருமை உள்ள ஒரு குரு இதைத் தம் அதிகாரத்துக்கு நேர்ந்த குறையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். வாராவுக்குப் பெருமை குறைவில்லை. அவரோடு பழகியவர்கள் யாரும் அவரை அடக்கமானவர் என்று சொன்னதில்லை. இருந்தும் கண்முன் தெரிந்ததை அவர் ஏற்றுக்கொண்டார். 1954 பிப்ரவரி 2-ஆம் நாள் தொலைபேசியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். அன்று முதல் அதைக் குருவானவர் எடுப்பதில்லை. தேர்ந்தெடுப்பது, பயிற்றுவது, தொழில்முறை உதவி தேவைப்படுகிறவர்களைச் சந்திப்பது ஆகியவை அவர் வேலையாயின. ‘டெய்லி மிரர்’ நாளிதழ் 1953 டிசம்பரில் தலைப்பில் பயன்படுத்திய ‘நல்ல சமாரியன்’ என்ற சொல்லே இயக்கத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. உலகம் அவர்களைச் சமாரிட்டன்ஸ் என்று அறிகிறது.

விதிகள் எளியவை, கடைப்பிடிக்கக் கடினமானவை. தன்னார்வலர் தம் சமயத்தையோ ஒழுக்கக் கொள்கையையோ அழைப்பவர் மீது திணிக்கக் கூடாது. அழைப்பவர் கேட்காமல் ஜெபிக்கக் கூடாது. அறிவுரை சொல்ல முந்தக் கூடாது. கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது. அழைத்தவர் இறந்த பிறகும் கூடாது. தற்கொலை எண்ணம் உண்டா என்பதைச் சுற்றி வளைக்காமல் நேரே கேட்க வேண்டும். கடைசி முடிவு அழைப்பவருடையது என்ற மரியாதை எப்போதும் இருக்க வேண்டும்.

இது கிறிஸ்தவ ஊழியமா என்று அன்றே கேட்டார்கள். ஆலயத்தின் கீழறையில் நடக்கிறது, நடத்துபவர் குரு, ஆனால் கிறிஸ்துவின் பெயரை எடுப்பதில்லை. பிறகு இதைச் சுவிசேஷப் பணி என்று எப்படிச் சொல்வது? லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழத் தேவையில்லை. அடிபட்டுக் கிடந்தவனிடம் அவன் எந்த ஊர், எந்த மார்க்கம், ஏன் அந்த வழியே தனியே போனான் என்று சமாரியன் விசாரிக்கவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். பாலியல் துயரோடு வருகிறவர் விஷயத்தில் இந்த விசாரியாமை மும்மடங்கு முக்கியம். அவர் ஏற்கெனவே தம்மைத் தாமே விசாரித்துத் தண்டனையும் எழுதிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆயர் சொல்லப்போகும் வசனம் அவருக்கு முன்பே மனப்பாடம்.

இப்படிச் சொல்வதால் வாரா ஒழுக்கத்தைப் பொருட்படுத்தாதவர் என்று ஆகாது. பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கத்துக்கு எதிராக ஆண்களைத் திரட்டி, எண்பது வயதில், ஓர் இயக்கம் தொடங்கியவர் அவர். தீமையைத் தீமை என்று சொல்ல அவர் தயங்கியதே இல்லை. யாரிடம், எப்போது சொல்வது என்பதில்தான் அவருக்குத் தெளிவு இருந்தது.

அந்தத் தெளிவும் தடுமாறிய இடம் ஒன்றுண்டு. தொலைபேசியில் யாரும் எதையும் சொல்லலாம் என்று அறிவித்தால், பெண் குரலைக் கேட்டுக்கொண்டே சுய இன்பம் காண அழைக்கும் ஆண்களும் வருவார்கள். வந்தார்கள். பெரும்பாலான அமைப்புகள் அழைப்பைத் துண்டிப்பதோடு முடித்துக்கொள்ளும். வாரா வேறுவிதமாக நினைத்தார். அந்த ஆண்களுள்ளும் தனிமையில் தவிப்பவர்கள் உண்டு, துண்டித்தால் அவர்களை இழந்துவிடுவோம் என்றார். அத்தகைய அழைப்புகளைத் தாங்க இசைந்த பெண் தன்னார்வலர்களுக்குப் ‘பிரெண்டா’ என்ற பொதுப்பெயர் கொடுக்கப்பட்டது. அப்படி அழைப்பவர் பிரெண்டாவைக் கேட்கும்படி சொல்லப்பட்டார். அவர்கள் கேட்டார்கள், முடிந்த பிறகு, இப்போது உங்கள் துயரைச் சொல்லுங்கள் என்றார்கள். பல ஆண்டுகள் நடந்த இந்த ஏற்பாடு 1980-களில் நிறுத்தப்பட்டது.

இதை எப்படி மதிப்பிடுவது? அருவருப்பூட்டும் நடத்தைக்குப் பின்னாலும் ஒரு மனிதன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில் துணிவு இருக்கிறது. அந்தத் துணிவுக்கான விலையைக் கொடுத்தவர்கள் பெண்கள். தம் உடலும் குரலும் பயன்படுத்தப்படுவதை ஊழியம் என்ற பெயரில் சகித்துக்கொள்ளும்படி ஒரு குருவானவர் பெண்களிடம் கேட்டது தவறு என்றே சொல்லத் தோன்றுகிறது. கேட்பவருக்கும் எல்லை உண்டு, கேட்பவரும் காக்கப்பட வேண்டியவர் என்பது எந்த ஆயர்ப்பணிக்கும் அடிப்படை. வாராவின் முறையை இங்கே பின்பற்ற விரும்புகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

வால்புரூக் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிய அதே மாதங்களில், அதே திருச்சபையின் இன்னொரு அறையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒழுக்க நல மன்றம் என்று ஓர் அமைப்பு இங்கிலாந்துத் திருச்சபைக்கு இருந்தது. அதன் சார்பில் டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற குருவானவர் தன்பாலீர்ப்பு பற்றி ஆராய்ந்தார். அன்று ஆணும் ஆணும் தனியறையில் கூடினாலும் சிறைத்தண்டனை. கணிதமேதை ஆலன் டூரிங் 1952-இல் தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் பதிலாக இயக்குநீர் ஊசிகளை ஏற்று, 1954-இல் இறந்தது அந்தச் சட்டத்தின் காலம். அந்த ஆண்டிலேயே மன்றம் ஒரு சிற்றறிக்கையை வெளியிட்டது. திருச்சபையின் பார்வையில் இச்செயல் பாவமாகவே இருக்கட்டும். அதைக் குற்றமாக வைத்திருப்பதால் விளைவது மிரட்டிப் பணம் பறித்தலும் தற்கொலையும்தான் என்பது அதன் சாரம். 1955-இல் பெய்லி எழுதிய நூல், சோதோம் நகரத்தின் கதை விருந்தினரை வன்முறையாய் நடத்தியதைப் பற்றியது என்று வாதிட்டது. இன்றுவரை அந்த விளக்கத்தை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு.

அரசு 1954-இல் அமைத்த வுல்ஃபெண்டன் குழுவின் முன் மன்றம் சாட்சியம் அளித்தது. 1957-இல் வந்த குழு அறிக்கை, 21 வயது நிரம்பிய ஆண்கள் இசைந்து தனிமையில் செய்வதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னது. கான்டர்பரிப் பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் அதை ஆதரித்தார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் ராம்சே 1965-இல் பிரபுக்கள் சபையில் எழுந்து அதற்காகப் பேசினார். சட்டம் 1967-இல் மாறியது. தற்கொலை முயற்சி குற்றமாக இருக்கவேண்டுமா என்று கேட்டு 1959-இல் திருச்சபைக் குழு ஒன்று அறிக்கை தந்தது. 1961-இல் அந்தச் சட்டமும் போயிற்று. பேராயர்கள் இருவரும் தன்பாலுறவைப் பாவம் என்றே கருதினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாவம் என்று நம்பிக்கொண்டே, அந்த நம்பிக்கையைக் காவல்துறையின் கையில் கொடுக்க மறுத்தார்கள். மேய்ப்பர் என்ற முறையில் அவர்கள் கண்ட மனிதர்களின் முகங்கள் அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தன. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு நம்மிடம் வந்தது ஆங்கிலேயர் கைவழியாக. அவர்கள் 1967-இல் கைவிட்டதை நாம் 2018 செப்டம்பர் வரை வைத்துக்கொண்டிருந்தோம்.

திருச்சபையை இவ்வளவு நேரம் நல்ல வெளிச்சத்தில் பார்த்தாயிற்று. ஒழுக்க நலப் பணிக்கு மறுபக்கமும் இருந்தது. மணமாகாத தாய்மார்களுக்கான இல்லங்களைச் சபைகள் நடத்தின. அங்கே வந்த பெண்கள் வெட்கத்துக்குள் வைக்கப்பட்டார்கள். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுப்பதே நல்லது என்று நெருக்கப்பட்டார்கள். 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படித் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 1,85,000 என்கிறது பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை. சபைகளோடு மருத்துவமனைகளும் அரசுத் துறைகளும் குடும்பங்களும் இதில் பங்காளிகள். தன்பாலீர்ப்புள்ள ஆண்களைப் பற்றி அவ்வளவு நுட்பமாக யோசிக்க முடிந்த அதே அமைப்பால், கருவுற்ற பத்தொன்பது வயதுப் பெண் என்ன விரும்புகிறாள் என்று கேட்க முடியவில்லை.

கேட்பது போல நடிப்பது இதைவிடக் கொடியது. பீட்டர் பால் என்ற துறவி 1977-இல் லூயிஸ் நகரின் பிஷப் ஆனார். பிறகு குளோஸ்டர் பிஷப். கிறிஸ்துவுக்காக ஓராண்டு என்ற திட்டத்தில் இளைஞர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து ஆன்மிக வழிகாட்டினார். ஜெபம், தவம், தாழ்மை என்ற பெயர்களில் அவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். 1992-இல் ஓர் இளைஞர் வாய் திறந்தார். அடுத்த ஆண்டு பால் காவல்துறை எச்சரிக்கையோடு பதவி விலகினார். அவ்வளவில் விஷயம் முடிக்கப்பட்டது. அந்த நாட்களில் கான்டர்பரிப் பேராயர் அலுவலகத்துக்குப் பால் பற்றி ஏழு கடிதங்கள் வந்திருந்தன. காவல்துறையிடம் கொடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் அவற்றுள் மிக மென்மையானது என்று 2017-இல் வந்த விசாரணை அறிக்கை கண்டறிந்தது. பால் சிறைக்குப் போனது 2015-இல். முதலில் வாய் திறந்தவர் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே தம் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். 1940-களிலிருந்து 2018 வரை, இங்கிலாந்துத் திருச்சபையில் குருக்களாகவோ பொறுப்பான பணிகளிலோ இருந்தவர்களுள் 390 பேர் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டதாக அரசு விசாரணை ஆணையம் 2020-இல் கணக்கிட்டது.

வால்புரூக்கிலும் இரகசியம் காக்கப்பட்டது, பேராயர் மாளிகையிலும் இரகசியம் காக்கப்பட்டது. முதலாவது, துயருற்றவர் நம்பிச் சொன்னதை அவருக்காகக் காத்தது. இரண்டாவது, துயர் தந்தவரையும் நிறுவனத்தையும் காத்தது. ஆயர்ப்பணி பற்றிய எந்தப் பாடத்திட்டமும் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்க வேண்டும். வாராவின் ஏற்பாட்டில் இன்னொரு காவலும் அமைந்திருந்தது: அழைப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே அதிகாரம் இல்லை. தேநீர் கொடுத்த பெண்மணியால் யாருக்கும் திருவிருந்தை மறுக்க முடியாது, குருத்துவத்துக்குப் பரிந்துரைக்கவும் முடியாது. பாலின் வீட்டில் தங்கிய இளைஞர்களுக்கோ அவர் பிஷப், குரு, வழிகாட்டி, வீட்டுக்காரர் எல்லாமும். திருச்சபையின் ஆலோசனைப் பணியைப் போதகரிடமே குவித்துவைப்பது ஆபத்து என்று சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சமாரிட்டன்ஸ் எத்தனை உயிரைக் காத்தது என்று எண்ணிச் சொல்ல முடியுமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963-இல் 5,714 தற்கொலைகள், 1975-இல் 3,693. புகழ் முதலில் தொலைபேசிக்குப் போயிற்று. வீடுகளுக்கு வந்த எரிவாயு அந்த ஆண்டுகளில் நச்சற்றதாக மாற்றப்பட்டதே வீழ்ச்சிக்குப் பெருங்காரணம் என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தத் திருத்தம் சமாரிட்டன்ஸின் பெறுமதியைக் குறைத்துவிடவில்லை. ஆயர்ப்பணியின் பலனை இறப்புக் கணக்கில் மட்டும் தேடக்கூடாது என்பதே தெரிகிறது. யாரிடமும் சொல்லமுடியாததை ஒருமுறை சொல்லிவிட்டவர் அடுத்து வாழும் ஆண்டுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை.

இன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சமாரிட்டன்ஸுக்குச் சுமார் 200 கிளைகள் உண்டு. வாரா கடைசிக் காலத்தில் இயக்கத்தோடு மனவேறுபாடு கொண்டார். தாம் தொடங்கிய வடிவத்திலிருந்து அது விலகிவிட்டது என்று 2004-இல் வெளிப்படையாகவே சொன்னார். 2007-இல், 95 வயதில் காலமானார். அவர் வால்புரூக்கில் விட்டுச்சென்ற இன்னொரு சுவடு, சிற்பி ஹென்றி மூர் செதுக்கிய வட்டப் பலிபீடம். குவிமாடத்தின் நேர்கீழே, ஆலயத்தின் நடுவில் அது இருக்கிறது. சுற்றிலும் மக்கள் அமர்கிறார்கள். குரு எதிரே நின்று பேசும் அமைப்பை மாற்றிய அந்தக் கல்லை ஏற்கலாமா என்று திருச்சபை நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1987-இல்தான் அனுமதி கிடைத்தது.

இந்த முறை தமிழ் பேசும் ஊர்களுக்கும் வந்தது. உலகெங்கும் பரவிய கிளைகளுக்காக 1974-இல் பிஃபிரெண்டர்ஸ் பன்னாட்டு அமைப்பு உருவானது. அதே ஆண்டில் கொழும்பில் சுமித்ரயோ என்ற அமைப்பு தொடங்கியது. சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சினேகா என்ற அமைப்பை நிறுவினார். சினேகா சமயம் சாராதது. அங்கே அமர்ந்து கேட்பவர்கள் பயிற்சி பெற்ற பொதுமக்கள்; தீர்ப்புச் சொல்வதில்லை, கேட்டதை வெளியிடுவதில்லை, கட்டணம் இல்லை. ஓர் ஆங்கிலிக்கன் கீழறையில் உருவான ஒழுங்கு அப்படியே இங்கே வேலை செய்கிறது. சென்னையில் அது தொடங்கியபோது தற்கொலை முயற்சி இந்தியச் சட்டத்தில் குற்றம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை.

கேட்ட பிறகே பேசுவது என்ற ஒழுக்கத்துக்கு நம் ஊரில் அண்மையில் கிடைத்த சிறந்த உதாரணம் ஆலயத்தில் நிகழவில்லை, உயர் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளைத் தாம் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கற்றுக்கொண்டார். பெற்றோரையும் மகள்களையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதன் பிறகு, 2021 ஜூன் 7-ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். பாலின ஈர்ப்பை மருந்தாலோ சிகிச்சையாலோ மாற்ற முயல்வதை அந்த ஆணை தடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் சினாடு 2017-இல் யார்க் நகரில் கூடி, இத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’யைத் தடைசெய்யுமாறு அரசைக் கேட்டிருந்தது. ஜெபத்தால் இதைக் குணமாக்குவதாகச் சொல்கிற கூட்டங்கள் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. பெற்றோர் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். குணமாகவில்லை என்று அந்தப் பிள்ளை உணரும் இரவில், அந்தக் கூட்டத்தை நடத்தியவர் பக்கத்தில் இருப்பதில்லை.

வாரா வளர்ந்த ஆங்கிலிக்கன் மரபின் ஒரு கிளை 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. அதன் தமிழ்ச் சபைகளில் திடப்படுத்தல் வகுப்புகள் நடக்கின்றன. பதின்வயதினர் வாரக்கணக்கில் வந்து அமர்கிறார்கள். விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளைகளும் படிக்கிற அந்த வகுப்பில் ஒரு நாளை உடலுக்கு ஒதுக்கலாம். சபையில் செவிலியராகவோ மருத்துவராகவோ இருக்கும் பெண்கள் பெண்பிள்ளைகளோடும், ஆண்கள் ஆண்பிள்ளைகளோடும் பேசலாம். அப்போது போதகர் அறையில் இருக்க வேண்டியதில்லை. திருமண அறிவிப்புக்கு முந்தைய ஆலோசனையை அரைமணி ஜெபத்தோடு முடிக்காமல், இருவரிடமும் தனித்தனியே, இந்தத் திருமணத்துக்கு மனதார இசைகிறீர்களா, உடலுறவு பற்றி ஏதேனும் பயம் உண்டா என்று கேட்கலாம். கேட்பவர் சபை ஊதியத்தில் இல்லாத, பயிற்சி பெற்ற ஒருவராக இருந்தால் பதில் உண்மையாக வரும். சிறுவர் மீது வன்முறை என்று தெரியவந்தால் அது போதகர் மேசையில் தங்காமல் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குப் போகவேண்டும் என்பதைச் சபைக் குழு எழுத்தில் முடிவுசெய்து வாசலில் ஒட்டலாம். பக்கத்திலேயே, ஆராதனை நேரங்களின் கீழே, சினேகாவின் 044-24640050 என்ற எண்ணும், அரசு நடத்தும் டெலி மானஸின் 14416 என்ற எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். முந்தையது சென்னையில் இருக்கிறது. பிந்தையது எந்த ஊரிலிருந்தும் இரவும் பகலும் தமிழிலேயே பேசக்கூடியது.